ஃபார்மட் ஆன டிரைவில் படங்கள் இன்னும் இருக்கலாம்: கை வைப்பதற்கு முன் படியுங்கள்



நம் வீடுகளில் ஆல்பம் போடும் வழக்கம் நின்று பதினைந்து, இருபது வருடங்கள் ஆகிவிட்டன. நிக்காஹ், வலிமா, பிள்ளையின் முதல் நாள் பள்ளிக்கூடம், உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாள் என எல்லாமே இப்போது ஒரு மெமரி கார்டிலோ, பென் டிரைவிலோ, ஃபோனிலோதான் இருக்கின்றன. சபுராளிகள் வீட்டில் இந்தப் படங்களுக்கு இன்னும் கனம் அதிகம். பிள்ளைகள் வளர்ந்ததை வாப்பா பார்த்ததும், வாப்பாவுக்கு நரை விழுந்ததைப் பிள்ளைகள் பார்த்ததும் பெரும்பாலும் படங்களில்தான்.

அப்படிப்பட்ட டிரைவைச் செருகியதும் ஒரு நாள் "ஃபார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அவசரத்தில் யாரோ "ஓகே" அழுத்திவிடுகிறார்கள். அல்லது பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப் காலியாகத் திரும்பி வருகிறது. பிறகு வீட்டில் ஒருவர் மீது ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, கைக்குக் கிடைத்த சாஃப்ட்வேரை எல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பெரும்பாலான நேரங்களில், ஃபார்மட் செய்த அந்த நொடியில் படங்கள் அழிவதில்லை. அதற்குப் பின் வரும் சில மணி நேரத்தில் நாம் செய்யும் காரியங்களால்தான் அழிகின்றன. எந்த நிலையில் நம்பிக்கை உண்டு, எந்த நிலையில் இல்லை என்பதை இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம். "எப்படியும் எடுத்துத் தருகிறேன்" என்று ஆசை காட்டிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இல்லை என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஃபார்மட் செய்யும்போது உள்ளே நடப்பது

ஒரு பெரிய சரக்குக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு கணக்குப் புத்தகம். எந்த மூட்டை எந்த வரிசையில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். மெமரி கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒரு படத்தை டெலீட் செய்தால், கணக்குப் புத்தகத்தில் அந்த வரி மட்டும் அடிக்கப்படுகிறது. மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாதாரண ஃபார்மட் செய்தால், பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வெற்றுப் புத்தகத்தை வைக்கிறார்கள். அதனால்தான் 64 ஜி.பி. கார்டு சில நொடிகளில் "காலி" ஆகிறது. அத்தனை ஜி.பி.யையும் துடைத்து எடுக்க அந்த நொடிகள் போதவே போதாது.

ஆபத்து அடுத்த சரக்கு வரும்போதுதான். புதிய புத்தகம் "எல்லா இடமும் காலி" என்று சொல்வதால், புதிதாக வரும் ஃபைல்கள் பழைய படங்கள் இருக்கும் இடத்திலேயே எழுதப்படுகின்றன. அப்படி ஒரு முறை மேலே எழுதிவிட்டால், அந்த இடத்தில் முன்பு இருந்ததை வீட்டிலும் எடுக்க முடியாது, எவ்வளவு பெரிய கடையிலும் எடுக்க முடியாது.

ஃபார்மட்டில் இரண்டு வகை உண்டு. விண்டோஸில் ஃபார்மட் பெட்டி திறக்கும்போது "குவிக் ஃபார்மட்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருக்கும். அதுதான் மேலே சொன்ன, புத்தகத்தை மட்டும் மாற்றும் வகை. அந்த டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால் முழு ஃபார்மட். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது டிரைவ் முழுவதிலும் பூஜ்ஜியங்களை எழுதிவிடும். அதற்குப் பின் தேடுவதில் பயனில்லை. எது நடந்தது என்று நினைவில்லையா? எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் சில நொடிகளில் முடிந்திருந்தால் அது குவிக் ஃபார்மட். மணிக்கணக்கில் ஓடியிருந்தால் முழு ஃபார்மட். பெரும்பாலான காமிராக்களில் மெனுவில் இருந்து செய்யும் ஃபார்மட்டும் முதல் வகைதான்.

முதல் வேலை: நிறுத்துவது

படங்கள் போய்விட்டன என்று தெரிந்ததும் அந்தக் கார்டை, பென் டிரைவை, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு, மேலே "தொடாதே" என்று எழுதி வையுங்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அது அடுத்த மணி நேரத்தில் கார்ட்டூன் ஏற்றும் பென் டிரைவாக மாறிவிடும்.

காமிரா கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு படம் எடுத்துப் பார்க்க வேண்டாம். அந்த நான்கு படங்களும் பழைய படங்களின் மேல்தான் உட்காரும். பெரிய எஸ்.டி. கார்டுகளின் இடது ஓரத்தில் சிறிய பூட்டு ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டில் எதுவும் எழுதாமல் கம்ப்யூட்டர் தடுக்கும். "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்", "ரிப்பேர்" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது டிரைவைச் சீர் செய்யப் பார்க்கும் கருவி, உங்கள் படங்களைக் காப்பாற்றப் பார்க்கும் கருவி அல்ல. சீர் செய்யும் பெயரில் டிரைவின் மேல் எழுதவும் செய்யும்.

படங்கள் இருந்தது லேப்டாப்பின் உள்ளே என்றால் இன்னும் கவனம் தேவை. சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே விண்டோஸ் பின்னணியில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துத் தேடுவதே சரியான முறை. மீட்பு சாஃப்ட்வேரை எந்த டிரைவில் படங்கள் தொலைந்தனவோ அதே டிரைவில் இறக்கி நிறுவுவது, கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேட மண்ணைக் கொட்டுவது மாதிரி.

சாஃப்ட்வேருக்கு முன் சொந்தக்காரர்களைக் கேளுங்கள்

இது தொழில்நுட்பம் இல்லாத வழி என்பதால் பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எங்களைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியதே இதுதான். ஒரு படம் எத்தனை கைகளுக்குப் போயிருக்கிறது என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நிக்காஹ் படம் என்றால் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், குடும்ப வாட்ஸ்அப் குரூப், வெளிநாட்டில் இருக்கும் காக்காவின் ஃபோன், படம் எடுத்த ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரர்கள் என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் அவரிடம் இன்றைக்கே கேளுங்கள், அடுத்த வாரம் அல்ல. அலமாரியில் கிடக்கும் பழைய ஃபோனை, திரை உடைந்திருந்தாலும், தூக்கிப் போடாதீர்கள். திரையை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது அப்படியே கிடைக்கலாம்.

ஃபோன் என்றால் குப்பைத் தொட்டியையும் திறந்து பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் 60 நாள் வரை அதன் குப்பைத் தொட்டியில் இருக்கும். பேக்கப் ஆகாமல் ஃபோனில் மட்டும் இருந்த படம் என்றால் 30 நாள். ஐஃபோனில் "ரீசன்ட்லி டெலீட்டட்" என்ற ஆல்பத்தில் 30 நாள். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியிலும் 30 நாள். இதற்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், காசும் வேண்டாம். நாள் தாண்டினால்தான் எல்லாம் போச்சு.

வாட்ஸ்அப்பில் இருந்து கிடைக்கும் படங்கள் அளவில் சுருங்கியவை. பெரிதாக பிரின்ட் போட்டால் மங்கலாகத்தான் வரும். ஆனால் மர்ஹூமாகிவிட்ட ஒருவரின் முகம் இருக்கும் ஒரே படம் அதுவென்றால், மங்கலைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

மீட்பு வேலை எப்படி நடக்கிறது

மீட்பு சாஃப்ட்வேர்கள் இரண்டு வழிகளில் தேடுகின்றன. முதல் வழி, தூக்கிப் போட்ட கணக்குப் புத்தகத்தின் கிழிந்த தாள்கள் எங்காவது கிடக்கின்றனவா என்று பார்ப்பது. கிடைத்தால் படத்தின் பெயர், ஃபோல்டர், தேதி எல்லாவற்றுடன் திரும்ப வரும். விண்டோஸில் இயங்கும் ரெக்குவா போன்றவை இந்த வழியில் தொடங்குகின்றன. இரண்டாவது வழி, புத்தகத்தையே மறந்துவிட்டு, கிடங்கில் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுப் பார்ப்பது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான ஓர் அடையாளக் குறியுடன் தொடங்கும். அந்தக் குறியைக் கண்ட இடத்தில் "இங்கே ஒரு படம் ஆரம்பிக்கிறது" என்று எடுத்துக்கொண்டு, முடியும் இடம் வரை அள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது வழிக்கு நாங்கள் சொல்வது ஃபோட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச சாஃப்ட்வேர் இது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 480-க்கும் மேற்பட்ட ஃபைல் வகைகளை அடையாளம் காணும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தொலைந்த டிரைவிலிருந்து படிக்க மட்டுமே செய்யும், அதில் எதையும் எழுதாது. கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு, மவுஸால் இயக்கக்கூடிய கியூஃபோட்டோரெக் என்ற வடிவமும் அதே தொகுப்பில் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும் பல கட்டண சாஃப்ட்வேர்கள் இலவசமாகத் தேடிக் காட்டிவிட்டு, "சேவ்" அழுத்தும்போது பணம் கேட்கும். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. இலவசமானதை முதலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று விஷயங்களை மட்டும் கவனத்தில் வையுங்கள். மீட்ட படங்களைச் சேமிக்க வேறொரு டிரைவ் வேண்டும். தொலைந்தது 500 ஜி.பி. டிரைவ் என்றால், அதற்குக் குறையாத காலி இடம் உள்ள மற்றொன்று. முடிந்தால் தேடுவதற்கு முன்பே டிரைவ் முழுவதையும் அப்படியே ஓர் "இமேஜ்" ஃபைலாக நகல் எடுத்து, தேடலை அந்த நகலில் நடத்துங்கள். மூலத்தைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருக்காது, டிரைவ் பழசு என்றால் அதற்கும் நல்லது. மூன்றாவது பொறுமை. நல்ல நிலையில் உள்ள 1 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. படித்தாலும், முழுவதையும் ஒரு முறை படிக்க மூன்று மணி நேரத்துக்கு அருகில் ஆகும். பழுதானது என்றால் நாள் கணக்கில் ஆகும். பாதியில் "மாட்டிக்கொண்டது" என்று பிடுங்கிவிடாதீர்கள்.

கிடைப்பது எப்படி இருக்கும்? ஃபோட்டோரெக் பெயர்களைத் திருப்பித் தராது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள், ஃபோல்டருக்கு 500 வீதம் வந்து குவியும். உங்கள் படங்களோடு நீங்கள் எப்போதோ பார்த்த இணையப் பக்கங்களின் சின்னச் சின்னப் படங்களும் கலந்திருக்கும். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் அந்தக் குப்பை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். காமிராவும் ஃபோனும் படம் எடுத்த தேதியைப் படத்தின் உள்ளேயே எழுதிவைப்பதால், "எடுத்த தேதி" வாரியாக அடுக்கினால் எந்த வருடம், எந்த நிகழ்ச்சி என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் உட்கார வையுங்கள். யார் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சில படங்களில் மேல் பாதி தெளிவாகவும் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவும் வரும். அந்தப் படம் டிரைவில் ஒரே இடத்தில் இல்லாமல் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் புத்தகம்தான் இல்லையே. காமிரா கார்டில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுவதால் அதில் மீட்பு நன்றாக வரும். பல வருடம் அழித்தும் ஏற்றியும் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கில் இந்தச் சாம்பல் படங்கள் அதிகம் இருக்கும். நீளமான வீடியோக்கள் இதனால் மேலும் சிரமம்.

நம்பிக்கை இல்லாத இடங்கள்

எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகை டிஸ்க் உள்ள லேப்டாப்பில் நிலைமை வேறு. அதில் ஒரு ஃபைலை அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ, "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கே செய்தி அனுப்பிவிடும். டிரிம் என்று இதற்குப் பெயர். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. டிஸ்க் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த இடங்களை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடும். கிடங்கில் வேலையாட்கள் தாமாகவே மூட்டைகளை அப்புறப்படுத்துவது போல. ஆகவே உள் எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மட் ஆனபின் படம் திரும்பக் கிடைப்பது அரிது.

ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டாலும் அப்படித்தான். இப்போதைய ஆண்ட்ராய்டு ஃபோன்களும் ஐஃபோன்களும் உள்ளே இருப்பதைப் பூட்டி, மறைகுறியாக்கி வைக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவி அழிக்கப்படுகிறது. சாவி இல்லாத பெட்டியை உடைத்தாலும் உள்ளே இருப்பது புரியாத எழுத்துக் குவியல்தான். "ரீசெட் ஆன ஃபோனில் இருந்து எல்லாம் எடுத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேரை நம்பிக் காசு கட்டாதீர்கள். ஃபோனில் போட்டிருந்த மெமரி கார்டு தனி. "இன்டர்னல் ஸ்டோரேஜ்" ஆக மாற்றாமல், படங்களை மட்டும் சேமிக்கும் கார்டாக இருந்திருந்தால் அதைக் கழற்றித் தேடலாம்.

ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் சாஃப்ட்வேர் பேச்சே வேண்டாம். உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டுக்கு மேலே, தலைமுடியின் பருமனில் சிறு பங்கு கூட இல்லாத இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. அது தட்டில் உரசத் தொடங்கிவிட்டால், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் உங்கள் படங்களைச் சுரண்டி எடுக்கிறது. உடனே கழற்றிவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து, இருப்பதும் போய்விடும். தூசியில்லா அறை வைத்திருக்கும் சிறப்பு நிலையங்களில்தான் இதைத் திறக்க வேண்டும். செலவு கணிசமாக ஆகும். அந்தப் படங்கள் அவ்வளவுக்குப் பெறுமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

மீட்பு என்றால் உங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள், பாஸ்போர்ட் நகல், ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு முன்பின் தெரியாதவர் திறந்து பார்க்கிறார் என்று பொருள். இந்தக் கூச்சத்தாலேயே படங்களை வேண்டாம் என்று விட்டுவிடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவசியமில்லை. ஃபார்மட் ஆன, ஆனால் பழுதாகாத கார்டு, பென் டிரைவ் என்றால் முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு மேலே சொன்னது போதும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், முதலில் என்ன கிடைக்கும் என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பணம் பேசுங்கள். படம் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் வேலை நடக்கும்போது குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மீட்ட படங்களை உங்கள் டிரைவில் ஏற்றியதும், கடையின் கம்ப்யூட்டரில் எடுத்த நகலை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையான கடைக்காரர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"பேக்கப் எடுத்து வைத்திருந்தோமே!"

இந்த வார்த்தையைத்தான் அதிகம் கேட்கிறோம். பேக்கப் இருந்தது என்று நம்பியிருந்த அளவுக்கு அதிர்ச்சியும் பெரிதாக இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் தவறான ஒரு கட்டளையைக் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி ஃபைல்கள் அவர்கள் கண்ணெதிரிலேயே மறைந்துபோயின. பேக்கப்பைத் திறந்து பார்த்தால், அது பல நாட்களாகச் சரியாக வேலை செய்யவே இல்லை. யாரும் திறந்து சோதித்துப் பார்க்கவில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரிக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய, படத்தின் நகல் ஒன்றைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. வேறு கட்டடத்தில், வேறு கைகளில் இருந்த ஒரு நகல்தான் அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது.

நம் வீடுகளில் பேக்கப் தோற்பது இன்னும் சாதாரணமான காரணங்களால். ஃபோனில் இடம் இல்லை என்று படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, ஃபோனில் இருந்ததை அழித்துவிடுகிறோம். இதைப் பேக்கப் என்கிறோம். இருந்த ஒரே பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது பேக்கப். சிலர் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டைப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள். பெயர் இருக்கும், உள்ளே படம் இருக்காது. ஷார்ட்கட் படம் தன் அளவாக 1 அல்லது 2 கே.பி. என்றுதான் காட்டும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நம்ப முடியாத விலைக்கு 1 டி.பி., 2 டி.பி. என்று விற்கும் பென் டிரைவ்களில் உண்மையில் 32 ஜி.பி.யோ 64 ஜி.பி.யோதான் இருக்கும். அது நிறைந்தபின் ஏற்றும் படங்கள் பெயரளவில் பதிவாகும், திறந்தால் வராது. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசக் கருவியால் நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

கூகுள் ஃபோட்டோஸை நம்பியிருப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அதில் ஏறும் படங்கள் 15 ஜி.பி. இலவச இடத்தில் கணக்காகின்றன. ஜிமெயிலும் கூகுள் டிரைவும் அதே 15 ஜி.பி.யைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. நிறைந்ததும் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வரும், நாம் தள்ளிவிடுவோம், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அடுத்தது, காமிராவில் எடுத்த படங்கள்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நீங்களே உள்ளே போய் "ஆன்" செய்தால்தான் அதுவும் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்பிய படங்கள் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். ஃபோனிலும் கூகுளிலும் ஒரே படம் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். "இங்கே அழித்தால் அங்கே இருக்குமே" என்று கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பில் அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும்.

என்னதான் செய்வது என்றால், புகைப்படக் கலைஞர்கள் மத்தியில் வழங்கும் 3-2-1 கணக்கைப் பின்பற்றலாம். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஃபோனில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ராத்தா வீட்டு அலமாரியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. மழைநீர் புகும் தெருக்களில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது நகல் வேறு தெருவில் இருப்பது நல்லது. பெருநாள் விடுமுறையில் எல்லோரும் கூடும்போது அதை இணைத்து, நான்கைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை இருப்பதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். முக்கியமான இருபது படங்களை வருடத்துக்கு ஒரு முறை தாளில் பிரின்ட் போட்டுவைத்தாலும் நன்றே. நம் பாட்டனார் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

இறந்தவரின் கணக்கும், விற்கும் கார்டும்

வீட்டில் ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவருடைய ஃபோனைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அதிலிருக்கும் படங்களை எடுத்துவையுங்கள். சிம்மை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். கூகுள் கணக்கைத் திறக்கும் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை, அதிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கும் உரிமையை கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு தெரியாத குடும்பத்தார், இறப்புச் சான்றிதழுடன் கூகுளுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அதைவிட, உயிரோடு இருக்கும்போதே கூகுள் கணக்கின் அமைப்புகளில் "இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்" பகுதியில் பிள்ளைகளில் ஒருவரின் பெயரைப் பதிந்துவைப்பது எளிது. பத்து நிமிட வேலை.

கடைசியாக, மேலே சொன்ன மீட்பு முறைகள் எல்லாம் உங்களுக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. நீங்கள் டெலீட் செய்துவிட்டு விற்ற மெமரி கார்டிலும், பிறருக்குக் கொடுத்த பென் டிரைவிலும் இருந்து உங்கள் குடும்பப் படங்களை வேறு யாரும் இதே ஃபோட்டோரெக்கை வைத்து எடுக்கலாம். ஆகவே கார்டோ, பென் டிரைவோ, பழைய ஹார்ட் டிஸ்க்கோ கை மாறுவதற்கு முன், கம்ப்யூட்டரில் இணைத்து "குவிக் ஃபார்மட்" டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். ஃபோன் என்றால் படங்களை எடுத்து, கூகுள் கணக்கை வெளியேற்றிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து, உள்ளே இருக்கும் மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பழுதாகி ஆன் ஆகாத ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதாக இருந்தால், அதற்கு முன் சுத்தியலால் நான்கு அடி கொடுத்துவிடுங்கள்.